விளையாட்டுக்குக் கொடுத்த காசைத் திரும்பப் பெறுவது

முழு விலைக்கு விற்கும் ஒரு புதிய கணினி விளையாட்டு இன்று 200 வெள்ளியைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. 2025 பிப்ரவரியிலிருந்து மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 வேலை நாளால் வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். கேமரன் மலையின் போ தோட்டத்திலோ சுங்கை பாலாஸிலோ புளூவேலியிலோ அந்தச் சம்பளத்தில் இருப்பவருக்கு ஒரு விளையாட்டு என்பது மூன்று நாள் வேலை. வாங்கியது கணினியில் ஓடவில்லை, விளம்பரத்தில் காட்டியது உள்ளே இல்லை, பிள்ளை கேட்காமலே வாங்கிவிட்டான் என்று எது நடந்தாலும், அந்த மூன்று நாள் போனது போனதுதான் என்று விட்டுவிடுகிறவர்களே அதிகம். தானா ராத்தாவில் வாங்கிய சட்டையில் தையல் விட்டிருந்தால் அன்றைக்கே கடைக்காரரிடம் போய் நிற்பவர்கள்கூட, கைப்பேசியில் வாங்கியதற்கு வாய் திறப்பதில்லை. திறந்தால் பலன் உண்டு என்பதற்குச் சான்று நிறைய இருக்கிறது. ஆனால் எவ்வளவு உரக்கக் கேட்கிறோம் என்பது அங்கே பெரிதில்லை. பணம் எந்த வழியாகப் போனது, போய் எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற இரண்டும்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன. ஆகவே பணத்தைத் திரும்பப் பெறும் வேலையில் பாதிக்கு மேல் வாங்குவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டிய வேலை.

முதலில் கடையின் விதி. கணினி விளையாட்டுகளுக்கு மிகப் பெரிய கடையான ஸ்டீம், வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திருப்பித் தருகிறது. பிடிக்கவில்லை என்பதே போதுமான காரணம். முன்பதிவு செய்ததை வெளியீட்டுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே தயாரித்த விளையாட்டுகளுக்குள் வாங்கிய பொருள் என்றால் கெடு 48 மணி நேரம், அதுவும் அந்தப் பொருளைப் பயன்படுத்தாமலும் கைமாற்றாமலும் இருந்தால்தான். ஒப்புதல் கிடைத்த ஒரு வாரத்துக்குள் பணம் வந்துவிடும். எங்கே வரும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வங்கி அட்டையில் கட்டியிருந்தால் அட்டைக்கே திரும்பும். நீங்கள் கட்டிய முறையில் திருப்பி அனுப்ப வசதி இல்லையென்றால் ஸ்டீம் வாலட்டில் விழும். வாலட்டில் விழுந்த காசு மறுபடி ஸ்டீமில் செலவழிக்க மட்டுமே உதவும், மளிகைக் கடைக்கு உதவாது.

கேமரன் மலையில் இந்தக் கெடுவுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 14 நாள் என்பது வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுகிறது, பதிவிறக்கி முடித்த நாளிலிருந்து அல்ல. மலைச்சரிவுகளுக்கு நடுவே லயங்கள் இருக்கும் இடங்களில் லைன் கிடைப்பதே இழுபறி. அங்கே 100 ஜிகாபைட் விளையாட்டை இறக்க எத்தனை இரவு ஆகும் என்று வாங்கும் முன்பே கணக்குப் போட வேண்டும். தள்ளுபடி வருகிறதே என்று வாங்கிப் போட்டுவிட்டு, பள்ளி விடுமுறைக்குத் தம்பி வரட்டும் என்று காத்திருந்தால், அவன் வரும்போது உரிமை காலாவதியாகியிருக்கும். பதிவிறக்கும் நேரம் விளையாடிய நேரமாகச் சேராது என்பது பொது விதி. ஆனால் சில விளையாட்டுகள் சிறிய தொடக்க நிரலை மட்டும் கொடுத்துவிட்டு, மீதியை அந்த நிரலுக்குள் வைத்தே இறக்குகின்றன. 2020 ஆகஸ்டில் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் ஸ்டீம் பதிப்பு அப்படித்தான் இருந்தது. பலருக்கு விமானம் ஓடுபாதையில் ஏறும் முன்பே இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. வேகமான இணைப்பு உள்ள நகரத்துக்காரருக்கே அந்த நிலை என்றால், தோட்டத்தில் இருப்பவர் கணக்கில் ஓடும் நேரத்தை முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது. அது பதிவிறக்கத்தால் ஏறிய நேரம் என்றால் கோரிக்கையில் அதை எழுத வேண்டும்.

மற்றக் கடைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். எபிக் கடையின் விதி ஏறக்குறைய ஸ்டீமின் விதிதான். கோக் என்ற கடை 30 நாள் வரை, விளையாடியிருந்தாலும் ஏற்கிறது. தாராளம் என்றால் அதுதான். எக்ஸ்பாக்ஸில் 14 நாள், அதிகம் விளையாடியிருக்கக் கூடாது. பிளேஸ்டேஷனிலும் 14 நாள், ஆனால் பதிவிறக்கத் தொடங்கிவிட்டால், விளையாட்டு பழுதானது என்றால் தவிர, உரிமை போய்விடும். ஆகவே பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் தானியங்கிப் பதிவிறக்கத்தை அணைத்து வைக்க வேண்டும். நின்டெண்டோவில் வாங்கியது பொதுவாக வாங்கியதுதான்.

விதி இப்படி எழுதியிருக்கிறது, அதற்கு மேல் கேட்க நமக்கு என்ன உரிமை என்று ஒருவர் கேட்கலாம். இந்த விதிகள் கடையின் தயாள குணத்தில் பிறந்தவை அல்ல. ஆஸ்திரேலியாவின் போட்டி, பயனீட்டாளர் ஆணையம் 2014 ஆகஸ்டில் வால்வ் மீது வழக்குத் தொடுத்தது. பணம் திருப்பித் தரப்பட மாட்டாது என்று ஸ்டீம் தன் நிபந்தனைகளில் எழுதிவைத்திருந்ததே குற்றச்சாட்டு. தாங்கள் அமெரிக்க நிறுவனம், அந்தச் சட்டம் தங்களுக்குப் பொருந்தாது, விற்றது பொருளும் அல்ல என்றது வால்வ். 2016 மார்ச்சில் நீதிமன்றம் அந்த வாதங்களை ஏற்கவில்லை. டிசம்பரில் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. மேல்முறையீடும் 2017 டிசம்பரில் தள்ளுபடியானது. இதற்கிடையில், 2015 ஜூனில், ஸ்டீம் உலகம் முழுவதற்கும் 14 நாள் விதியை அறிவித்திருந்தது. வழக்குதான் விதியைக் கொண்டுவந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நிபந்தனையில் எழுதியிருப்பது கடைசி வார்த்தை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். கடைகள் தங்கள் விதியைத் தாங்களே மீறித் தந்ததும் உண்டு. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 பழைய பிளேஸ்டேஷனில் ஓடத் திணறியபோது, பிளேஸ்டேஷனை நடத்தும் சோனி அந்த விளையாட்டைக் கடையிலிருந்தே எடுத்துவிட்டு, விளையாடியவர்களுக்கும் முழுப் பணத்தைத் திருப்பியது. 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியான கான்கார்ட் என்ற விளையாட்டு செப்டம்பர் 6 அன்று நிறுத்தப்பட்டபோதும் அதுவே நடந்தது. ஒரு விளையாட்டைப் பற்றி உலகமே முறையிடும்போது, உங்கள் முதல் கோரிக்கை மறுக்கப்பட்டிருந்தாலும் இரண்டாவது முறை கேளுங்கள்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் முதலில் மின்னணு வணிகத்தை விலக்கிவைத்திருந்தது. 2007 திருத்தம் அந்த விலக்கை எடுத்துவிட்டது. அந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, சட்டம் தரும் உரிமையை ஓர் ஒப்பந்தத்தில் எழுதிப் பறிக்க முடியாது. உண்மைக்குப் புறம்பான விளம்பரம் 9, 10ஆம் பிரிவுகளில் தடுக்கப்பட்டிருக்கிறது, பொருளானாலும் சேவையானாலும். ஒரு பலவீனத்தை மறைக்கக் கூடாது: ஆஸ்திரேலியச் சட்டம் கணினி மென்பொருளும் ஒரு பொருளே என்று பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது, நம் சட்டத்தின் விளக்கத்தில் அந்தச் சொல் இல்லை. ஆகவே புகார் எழுதும்போது, இது பொருள், பழுதாக இருந்தது என்ற ஒரே காலில் நிற்க வேண்டாம். சொன்ன சேவை கிடைக்கவில்லை, விளம்பரம் தவறாக வழிகாட்டியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

தோட்டத்து வீடுகளில் உண்மையில் அதிகம் போகும் காசு 200 வெள்ளி விளையாட்டுகளில் போவதில்லை. இலவசமாக இறக்கிய மொபைல் லெஜண்ட்ஸ், ஃப்ரீ ஃபயர் போன்றவற்றில் ஐந்தும் பத்துமாக டைமண்ட் என்ற விளையாட்டுக் காசை வாங்குவதில்தான் கரைகிறது. அப்பாவின் கைப்பேசி, மகனின் விரல். கூகள் பிளேயில் வாங்கிய 48 மணி நேரத்துக்குள் நேராகக் கூகளிடமே கேட்கலாம். அதற்குப் பிறகு விளையாட்டைத் தயாரித்தவரிடம்தான் கேட்க வேண்டும். உங்களுக்கே தெரியாமல் யாரோ செய்த செலவென்றால் 120 நாளுக்குள் தெரிவிக்கலாம். ஆனால் கடவுச்சொல்லை நீங்களே பிள்ளையிடம் கொடுத்திருந்தால் கூகள் பொதுவாக ஏற்காது. ஆப்பிளில் இதற்கென்றே தனிப் பக்கம் உண்டு, வாங்கிய பட்டியலில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்து, பிள்ளை அனுமதியின்றி வாங்கியது என்ற காரணத்தைக் குறிக்கலாம்.

பிள்ளையைக் கண்டிக்காதது பெற்றோர் குற்றம், கடை என்ன செய்யும் என்ற வாதம் அடிக்கடி வரும். அதில் பாதி நியாயம் உண்டு. மறுபாதிக்கு அமெரிக்க வணிக ஆணையத்தின் நடவடிக்கைகளைப் பாருங்கள். பிள்ளைகள் பெற்றோர் அனுமதியின்றி வாங்கும்படி வடிவமைத்ததற்காக 2014இல் ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலரும், கூகள் குறைந்தது 1.9 கோடி டாலரும் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக், 2022 டிசம்பரில் 24.5 கோடி டாலரைப் பயனர்களுக்குத் திருப்பித் தர இசைந்தது. ஒரே பொத்தானைத் தவறுதலாக அழுத்தினாலே காசு போகும்படி திரையை அமைத்திருந்தது அதன் மேலிருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. பொத்தானை அப்படி வைத்தது பிள்ளையல்ல. மலேசியாவில் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் 1971ஆம் ஆண்டு வயது வந்தோர் சட்டமும் சேர்ந்து, 18 வயதுக்குக் குறைந்தவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் என்கின்றன. கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால் கடை உங்களையே வாங்கியவராகக் கருதும் என்பது உண்மைதான். இருந்தாலும் வாங்கியவர் இத்தனை வயதுப் பிள்ளை, அனுமதி இல்லை, டைமண்ட் இன்னும் செலவாகவில்லை என்று அன்றைக்கே எழுதியவருக்கு இருக்கும் பிடி, மாதக் கடைசியில் பில் பார்த்து எழுதுகிறவருக்கு இருக்காது. பதில் வரும் வரைக்கும் அந்த டைமண்டைத் தொட வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

இனி, காசு போகும் வழி. தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ ரிங்லெட்டிலோ கடையில் ரொக்கம் கொடுத்து எண் அச்சிட்ட சீட்டு வாங்குவது தோட்டத்தில் பரவலான வழி. வங்கி அட்டை இல்லாத பையனுக்கு அதைவிட எளியது இல்லை. ஆனால் பணம் திரும்புவதைப் பொறுத்தவரை அதைவிட மோசமானதும் இல்லை. அந்தச் சீட்டை விற்ற கடைக்கும் விளையாட்டுக்கும் தொடர்பில்லை. எண்ணைத் தட்டியதும் சீட்டின் உயிர் போய்விடுகிறது. கூகள் பிளே பரிசு அட்டையைப் பொதுவாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஸ்டீம் வாலட்டில் நேராக ஸ்டீமிலேயே போட்ட காசை 14 நாளுக்குள், ஒரு சென்கூடச் செலவழிக்காதிருந்தால், திரும்பக் கேட்கலாம். வெளிக்கடையில் வாங்கிய எண்ணால் ஏற்றிய காசுக்கு அந்த வசதி இல்லை. ஒரே காசு, ஒரே வாலட், வந்த வழி வேறு என்பதால் உரிமையும் வேறாகிறது.

ரொக்கத்துக்கு ஆதரவாக வலுவான ஒரு வாதம் இருக்கிறது. பத்து வெள்ளிச் சீட்டு வாங்கினால் போவது பத்து வெள்ளி மட்டுமே, அட்டையைக் கோத்துவிட்டால் ஐந்நூறும் போகலாம். இதை மறுக்க முடியாது. இழப்புக்கு வரம்பு போடச் சீட்டு நல்லது, இழந்ததை மீட்கச் சீட்டு கெட்டது. பிள்ளைகளின் சில்லறைச் செலவுக்குச் சீட்டே இருக்கட்டும். பிடிக்காமல் போகக்கூடிய பெரிய விலை விளையாட்டை மட்டும் சீட்டில் வாங்காதீர்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு: டச் அண்ட் கோ போன்ற மின்பணப்பையில் தேவையான தொகையை மட்டும் ஏற்றி, அதைக் கூகள் பிளேயில் கோத்துவிடலாம். வரம்பும் இருக்கும், யார் எப்போது எவ்வளவு கட்டினார் என்ற பதிவும் இருக்கும். கைப்பேசி ப்ரீபெய்ட் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளும் முறையில் பதிவு இருந்தாலும், பணம் கடையிலிருந்து தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் அங்கிருந்து உங்களுக்கும் வர வேண்டியிருப்பதால் நாள் பிடிக்கும். கடை ஒப்புதல் தந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள். சிம் எண்ணை மாற்றுவதாக இருந்தால் பணம் வந்த பிறகு மாற்றுங்கள். நிறுவனம் இழுத்தடித்தால் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் புகார் செய்யலாம்.

விளையாட்டு அடையாள எண்ணைக் கொடுத்தால் டைமண்ட் ஏற்றித்தரும் இணையக் கடைகள் தனி ரகம். எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் டைமண்ட் வேறு யாருக்கோ போய்விடும். தவறு உங்களுடையது என்று கடை கை விரிக்கும். அங்கே எடுத்துக்காட்ட ஒன்று உண்டு. 2013 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணு வணிக விதிகள் இரண்டு கடமைகளை விற்பவர்மேல் வைத்தன. நிறுவனப் பெயர், பதிவு எண், தொலைபேசி, முகவரி, முழு விலை ஆகியவற்றைக் காட்ட வேண்டும். ஆர்டரை உறுதி செய்வதற்கு முன் வாங்குபவர் தவறைத் திருத்திக்கொள்ள வழி வைக்க வேண்டும். விளையாட்டாளரின் பெயரைத் திரையில் காட்டி, இவர்தானா என்று கேட்காமலே காசை எடுத்துக்கொண்ட கடையிடம், திருத்த வழி எங்கே வைத்தீர்கள் என்று கேட்கலாம். முகவரியே இல்லாமல் வாட்ஸ்அப்பில் பாதி விலைக்கு டைமண்ட் விற்கிறவரிடம் இந்தச் சட்டமெல்லாம் செல்லாது. அது மோசடி. வங்கியில் பணம் மாற்றி ஏமாந்தது தெரிந்த நிமிடமே மோசடிகளுக்கான 997 என்ற எண்ணுக்கு அழைத்துவிட்டு, பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

வங்கியிடமே சொல்லி அட்டைக் கட்டணத்தைத் திருப்பி வாங்கிவிட்டால் என்ன, இத்தனை படி ஏன் என்று சிலர் குறுக்கு வழி சொல்வார்கள். உங்கள் அட்டையைத் திருடி யாரோ பயன்படுத்தியிருந்தால் வங்கிதான் சரியான இடம். விளையாட்டு பிடிக்கவில்லை என்பதற்காக அதைச் செய்தால், கடை உங்கள் கணக்கைப் பூட்டக்கூடும். ஐம்பது வெள்ளியை மீட்கப் போய், ஐந்து வருடமாகச் சேர்த்த விளையாட்டுகள் அத்தனையும் பூட்டிய கதவுக்குப் பின்னால் நிற்கும். கடையின் வழியை முழுதாக நடந்து பார்த்து, மறுப்பை எழுத்தில் வாங்கிய பிறகே வேறு வாசல்.

கோரிக்கையை எழுதும் விதம் எளியது. கோபத்தையும் குடும்பக் கதையையும் விட்டுவிட்டு, ஆர்டர் எண், வாங்கிய தேதி, கட்டிய முறை, விளையாடிய நேரம், என்ன கோளாறு என்று ஐந்தாறு வரி போதும். ஆங்கிலத்தில் எழுதத் தயங்குபவர்கள் மலாயில் எழுதலாம், அல்லது மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை எழுதச் சொல்லலாம். பிழைத் திரையைப் படம் பிடித்து இணையுங்கள். வெளிநாட்டு மின்சேவைகளுக்கு 2020 முதல் சேவை வரி உண்டு, 2024 மார்ச்சிலிருந்து அது 8 விழுக்காடு. திரும்பி வந்த தொகையில் அந்த வரியும் சேர்ந்திருக்கிறதா என்று ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லாம் மறுக்கப்பட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, விவகாரம் எழுந்த 3 ஆண்டுக்குள் கொண்டுபோகலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. அமெரிக்காவில் இருக்கும் கடையை இது என்ன செய்யும் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் செய்யாது என்பதே நேர்மையான பதில். உத்தரவு கிடைத்தாலும் நாட்டுக்கு வெளியே அதை நிறைவேற்றுவது கடினம். நடுவர் மன்றத்தின் பலன் உள்ளூர் எதிராளியிடம்தான்: பதிவு பெற்ற டைமண்ட் கடை, சீட்டு விற்ற நிறுவனம். யாரிடம் வாங்குகிறோம் என்பது இங்கே மறுபடியும் எடைக்கு வருகிறது. விலை ஒன்றே என்றால், மலேசியப் பதிவு எண் உள்ள கடையில் வாங்கியவருக்கு ஒரு வாசல் கூடுதலாகத் திறந்திருக்கிறது.

பத்து வெள்ளிக்காகவா இத்தனை அலைச்சல் என்பவருக்கும் பதில் உண்டு. மனுவை இணையத்திலேயே பதியலாம், அதற்காகக் குவாந்தானுக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. மனுப் பதிந்ததற்கான சான்றோடு கடைக்கு ஒரு கடிதம் போனாலே சிறு தொகைகளில் சமரசம் பேச இடம் பிறக்கும். ஆனால் பத்து வெள்ளிக்கு விசாரணை வரை போவது எனக்கும் புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை. ஒரே கடையில் பல முறை போன காசைக் கூட்டிப் பாருங்கள், நூறைத் தாண்டினால் போங்கள். படிவம் 1ஐ நிரப்பிப் பதிந்தபின், அதன் நகலை எதிராளிக்கு நேரிலோ பதிவுத் தபாலிலோ நீங்களே சேர்க்க வேண்டும். தபால் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், விசாரணையன்று எதிராளி வரவில்லையென்றால் அது கையில் இருக்க வேண்டும். எதிராளிக்குப் பதில் தர 14 நாள். உத்தரவு உங்கள் பக்கம் வந்தால் பணம் கட்டவும் 14 நாள். அதற்குள் கட்டாதது குற்றம், உத்தரவின் நகலோடு நடுவர் மன்றத்திடம் அதைத் தெரிவித்தால் மேல் நடவடிக்கை எடுப்பது பயனீட்டாளர் விவகாரங்களைக் கவனிக்கும் அமைச்சின் வேலை.